நாத்தனார் வீட்டுத் தொட்டி

ஹோட்டலில் உடன் வேலை பார்க்கிறவர்கள் அவளைப் பளிங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அவள் கழுவிவிட்டு வந்த குளியல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பார்க்கிறவர் மூஞ்சி தெரியும். மேற்பார்வைக்கார அம்மா வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பாள். மற்றவர்கள் கழுவிய தொட்டி என்றால் கையுறையைத் திருப்பிக் காட்டித் திட்டுவாள். பளிங்கு கழுவியது என்றால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

தொட்டி கழுவுவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. அதில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது. முதலில் வெந்நீரைச் சுற்றிலும் விட்டு அழுக்கை இளக்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரை மெத்தென்ற பஞ்சில் ஊற்றி மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். கீழிருந்து மேலே போகிற புதுப் பெண் யாராவது மாட்டினால் தீர்ந்தாள். "கீழ கழுவிட்டு மேல போனா, மேல இருக்குற அழுக்கு எங்கம்மா போகும்? உன் தலையிலயா?" என்பாள். தண்ணீர் ரொம்பினால் வழிந்து போகிற மேல் ஓட்டைக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். தண்ணீர் இறங்குகிற வாயில் சிக்கிய முடிக்கு வளைத்த கம்பி. இரும்பு நார் என்ற பேச்சே கிடையாது. கீறல் விழுந்தால் அந்தக் கீறலில்தான் அழுக்கு குடியேறும். கடைசியில் பழைய பருத்தித் துண்டால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். காயவிட்டால் உப்புத் தடம் விழுந்துவிடும்.

அவள் வீட்டிலும் ஒரு தொட்டி இருந்தது. வாடகைக்குக் குடி வந்தபோதே அந்தக் குளியலறையில் கிடந்த பழைய இரும்புத் தொட்டி. மேலே வெள்ளைப் பூச்சு. வெள்ளை என்று சொல்லத்தான். அன்றைக்கு அது பழுப்பேறி, குழாய்க்கு நேர் கீழே துருக்கோடு இறங்கி, சுவரும் தொட்டியும் சேருகிற இடமெல்லாம் கறுப்புப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. "இதைக் கழட்டிப் போட்டுட்டு எடத்தைக் காலியாக்கிக்கலாம்" என்றான் புருஷன். அவன் ஒரு மெக்கானிக். எதையும் கழற்றுவதுதான் அவனுக்கு முதலில் தோன்றும். பளிங்கு விடவில்லை. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள். வினிகரை மட்டும் கிட்டவே விடவில்லை. பழைய பூச்சில் புளிப்பு பட்டால் மினுக்கம் போய் மண்சட்டி மாதிரி சொரசொரத்துவிடும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் காலையில் ஜன்னல் வெளிச்சம் உள்ளே விழுந்தபோது தொட்டி பளீரென்று சிரித்தது. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷம், மகளைக் கட்டிக்கொடுத்த அன்றைக்குக்கூடப் பட்டதில்லை. மகளே கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் பட்டறையிலிருந்து வந்தான். நாளெல்லாம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறவன். இடுப்பு விண்விண்ணென்று வலிக்கும். புதுசாக வெளுத்த தொட்டியைப் பார்த்ததும் ஆசை ஆசையாக வெந்நீர் ரொப்பி, கால் நீட்டிப் படுத்து, ஊறி எழுந்து போனான். பளிங்கு போய்ப் பார்த்தாள். தொட்டியைச் சுற்றிலும் கன்னங்கரேலென்று ஒரு வளையம்! வண்டி எண்ணெயும் சோப்பும் சேர்ந்து பிடித்த வளையம். அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"நாள் பூரா ஊரார் அழுக்கத் தேச்சுட்டு வரேன். வீட்டுக்கு வந்து உங்க அழுக்கையும் தேய்க்கணுமா? மனுஷன் குளிக்கிற மாதிரியா இருக்கு இது? எருமை புரண்ட மாதிரி இருக்கு!"

மறுநாளிலிருந்து அவன் குளியலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு, குத்துக்காலிட்டு, குவளையால் மொண்டு ஊற்றிக் குளித்தான். தொட்டிப் பக்கம் தெறிக்காமல் முதுகைத் திருப்பிக்கொள்வான். வருஷங்கள் ஓடின. தொட்டியை அவள் தினம் துடைத்தாள். விருந்தாளி யாராவது வந்தால் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினாள். அவளும் அதில் குளிக்கவில்லை, அவனும் குளிக்கவில்லை. பாருங்கள், குளிக்கிற தொட்டியைக் குளிக்காமலே வைத்துக் காப்பாற்றிய குடும்பம் வேறு எங்காவது உண்டா?

பளிங்குக்கு இன்னொரு குணமும் உண்டு. பொறாமை. அதை அவளே மறைக்க மாட்டாள். கூட வேலை பார்க்கிறவளுக்குப் பாராட்டு கிடைத்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. எல்லாவற்றுக்கும் மேலே நாத்தனார். புருஷனுடைய அக்கா, ரெண்டு தெரு தள்ளி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். "அக்கா வெச்சா அந்த ருசியே தனி" என்று கல்யாணமான புதிதில் மெக்கானிக் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதைப் பளிங்கு இன்னும் மறக்கவில்லை. வீட்டில் உப்புக் குறைந்தால்கூட, "போங்க, உங்கக்கா வீட்டுல போய்ச் சாப்பிடுங்க" என்பாள்.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் அவன் விரலைப் பார்த்தாள்.

பட்டறையிலிருந்து வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்திருந்தான். வந்ததும் குளிக்கப் போகிறவன், நேரே உட்கார்ந்து தட்டை இழுத்தான். சாப்பிடும்போது பார்த்தால் நகக்கண்ணெல்லாம் சுத்தமாக இருக்கிறது. விரல் நுனி ஐந்தும் சுருங்கி வெளுத்திருக்கிறது. வெகுநேரம் தண்ணீரில் ஊறினால்தான் விரல் அப்படி ஆகும். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கிட்டே போனால் என்னவோ ஒரு பூ வாசனை சோப்பு. அவள் வீட்டில் இருப்பது வேப்பிலை சோப்பு.

"எங்க குளிச்சீங்க?"

"பட்டறையிலதான். கை காலு கழுவினேன்."

பொய்! இத்தனை வயசுக்கு மேல் இந்த மனுஷனுக்கு எவள் வாசனை சோப்பு எடுத்து நீட்டுகிறாள்? அந்த வாரம் முழுக்க அவன் சட்டையை மோந்து பார்த்தாள். பாக்கெட்டைத் துழாவினாள். ஹோட்டலில் ஒரு தொட்டியைக் கழுவி முடித்துவிட்டு, கழுவினது மறந்து அதையே மறுபடி கழுவினாள். கடைசியில் ஒரு மாலை, வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, பட்டறைக்கு எதிர்ச் சாரியில் ஒரு பெட்டிக்கடை மறைவில் நின்றாள். அவன் வந்தான். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவள் பின்னாலேயே போனாள்.

ரெண்டு தெரு. ஒரு திருப்பம். பச்சைக் கதவு. மாடிப்படி. அட, நாத்தனார் வீடு!

உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கினதுபோல இருந்தது. இறங்கினது எவ்வளவு நேரம்? படியில் நின்றபடி மூச்சு வாங்குவதற்குள் அதைவிடப் பெரிய பாரம் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் வீட்டுக் குளியலறை ஜன்னல் மாடிப்படியைப் பார்த்துத் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் சளசளக்கிற சத்தம். அப்புறம் பாட்டு. அவள் புருஷன் பாடினான்!

"வண்டிக்காரா வண்டிக்காரா, வண்டியில என்னடா?"

அடுப்படியிலிருந்து நாத்தனார் அதற்கு ஏதோ ஒரு வரி பதில் பாடினாள். குழாய் ஓடுகிற சத்தத்தில் அது பளிங்குக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அதற்கப்புறம் வந்த சிரிப்பு. அவன் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். தண்ணீர் தொட்டியை விட்டு வெளியே கொட்டுகிற அளவுக்குச் சிரித்தான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வீட்டில் அவன் ஒருநாள், ஒரு பொழுது, ஒரு வரி பாடினதில்லை. இவனுக்குப் பாட வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. வேறொருத்தி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கொண்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கலாம். அக்காவை என்ன செய்வது? பளிங்கு வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தன் தொட்டியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அழுகைதான் வந்தது.

மறுநாள் ஒரு பாவாடையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். இடுப்பு லூசாக இருக்கிறதாம். பிடித்துத் தைக்க வேண்டுமாம். நாத்தனார் அளவு எடுக்கும்போதே, "அண்ணி, கொஞ்சம் பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்று உள்ளே நுழைந்தாள்.

கடவுளே! அதுவும் ஒரு தொட்டியா? பைபர் தொட்டி. சுற்றிலும் வளையத்துக்கு மேல் வளையமாகக் கறுப்பு. தண்ணீர் இறங்குகிற வாயில் முடியும் நூல் பிசிறும் சுருண்டு கிடந்தது. விளிம்பில் அந்தப் பூ வாசனை சோப்பு கரைந்து ஒழுகி ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் சாயம் போகத் துணி வேறு ஊறிக்கொண்டிருந்தது. இந்தக் குட்டைக்காகவா அவன் அவளுடைய வெள்ளை வெளேரென்ற தொட்டியை விட்டுவிட்டு வருகிறான்? இந்தக் குட்டையிலா பாட்டு? அழுக்கைப் பார்த்து அவள் அருவருத்தது உண்டு, கோபப்பட்டது உண்டு. அழுக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்ல மாட்டேன். விஷம். ஆனால் அதைச் செய்ய அவளை விட்டால் ஆள் கிடையாது.

வெளியே வந்து தேன் ஒழுகப் பேசினாள். "அண்ணி, நீங்க தச்சு முடிக்கிற வரைக்கும் நான் சும்மாதானே இருக்கேன். அந்தத் தொட்டியக் கொஞ்சம் தேச்சு விடட்டுமா?"

"ஐயய்யோ, எதுக்கும்மா? நாள் முழுக்க அதானே பண்றே. என் வீட்டுலயும் வந்து பண்ணணுமா?"

"உங்களுக்குச் செய்யாம யாருக்கண்ணி செய்யப் போறேன்?"

நாத்தனாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தம்பி பெண்டாட்டி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. பளிங்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஹோட்டலில்கூட அவள் அப்படி ஒரு தொட்டியைக் கழுவினதில்லை. வெந்நீர், சோப்பு நீர், சோடாக் குழைசல், மெத்துப் பஞ்சு. இது பைபர் என்பதால் குழாயடி உப்புத் தடத்துக்கு மட்டும் வினிகர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து உடனே கழுவினாள். வளையம் வளையமாக அவள் புருஷன் படுத்துக் கிடந்த தடமெல்லாம் கரைந்து இறங்கிப் போயிற்று. கடைசியில் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, "அண்ணி, வந்து பாருங்க" என்றாள்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். குனிந்து தடவினாள்.

"இது என் தொட்டியா? இப்படியா இருந்துச்சு இது?"

"இதைவிட நல்லா வெச்சுக்கலாம் அண்ணி. மனசு வெக்கணும். குளிச்ச உடனே தொடைச்சிரணும். துணி ஊறப் போடக் கூடாது. எண்ணெய் படவே கூடாது, பட்டா போச்சு. இவ்ளோ வெள்ளையா ஆனதுக்கு அப்புறம் ஒரு கோடு விழுந்தாக்கூடப் பளிச்சுன்னு தெரியும்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் சொல்லத் தேவையே இல்லை. வெள்ளைக்கு ஆசைப்பட்டவர் படுகிற பாடு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் நினைத்தது அப்படியே நடந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. மெக்கானிக் எண்ணெய்ச் சட்டையோடு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். மறுநாளும் வந்தான். பளிங்கு ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"என்ன, இப்பல்லாம் சீக்கிரம் வந்துடறீங்க?"

"ப்ச். அக்கா வீட்டுக்குப் போனேன். தொட்டிய வெளக்கி வெச்சிருக்கா. எறங்காதடா, வாளி வெச்சுக் குளிச்சுக்கோங்கறா." பட்டறையில் கழுவினேன் என்று முன்னே சொன்ன பொய் இப்போது வெளியே வந்துவிட்டது என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. "அக்காவுக்கும் அந்தப் பைத்தியம் புடிச்சிருச்சு."

அக்காவுக்கும். அந்த 'உம்' அவளைச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் ஜெயித்தாகிவிட்டதே! அன்று அவள் அவனுக்குப் பிடித்ததாகச் சமைத்தாள். அவன் மூலையில் குத்துக்காலிட்டுக் குளித்துவிட்டு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சமைத்ததைப் பேசாமல் சாப்பிட்டான். மறுநாளும் பேசாமல் சாப்பிட்டான். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வீடு கப்சிப்பென்று இருந்தது. அவன் எங்கேயும் போகவில்லை, எவரோடும் சிரிக்கவில்லை, முழுசாக அவளுடையவன்தான். அப்புறம் ஏன் அவளுக்குச் சோறு இறங்கவில்லை?

ஒரு சாயங்காலம் அவளே வெந்நீர் ரொப்பினாள். "போய்ப் படுங்க. நல்லா ஊறுங்க" என்றாள்.

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "எதுல?"

"தொட்டியிலதான். வேற எதுல?"

"வேணாம்மா. கறை புடிக்கும்."

"போங்கன்னா போங்க!"

போனான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டான். பளிங்கு உள்ளே போய்ப் பார்த்தாள். தொட்டியில் வளையம் இல்லை. முடி இல்லை. மேல் ஓட்டையைக்கூடப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துண்டால் ஒற்றி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அவன் துண்டு முழுக்கக் கறுப்பு. எந்த மேற்பார்வைக்காரி வந்தாலும் குறை சொல்ல முடியாத சுத்தம். அவளுக்கு அந்தச் சுத்தத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. விருந்தாளிகூட அவள் வீட்டில் அப்படிக் குளித்துவிட்டுப் போக மாட்டானே!

அடுத்த நாள் மறுபடி ரொப்பினாள். அவன் இறங்கினதும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோள் விளிம்பில் படாமல், ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். கொடியில் தொங்கின அவனுடைய பட்டறைச் சட்டையை உருவி, எண்ணெயும் கரியுமாக அப்படியே தண்ணீரில் போட்டாள்.

"ஏய்! என்னடி பண்றே? கறை புடிச்சிரும்டி!"

"புடிக்கட்டும்."

"தேய்க்க முடியாதுடி அப்புறம்!"

"தேய்க்கறதுக்குத்தான் நான் இருக்கேன்ல? கால நீட்டுங்க முதல்ல. இடுப்பு ஒடிஞ்சா அதை யாரு தேய்ப்பா?"

கறுப்பு மெல்லப் பரவித் தண்ணீர் முழுக்க நிறம் மாறியது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மெதுவாகக் காலை நீட்டினான். அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் சளசளத்தது. தொண்டையைக் கனைத்தான்.

"வண்டிக்காரா வண்டிக்காரா, வண்டியில என்னடா?"

பாடிவிட்டு நிறுத்தினான்.

அவன் காத்துக்கொண்டிருக்கிறான். பதில் வரி வர வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. உள்ளே மறுபடி அதே வரி. இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னொரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"அண்ணி, வண்டிக்காரா வண்டிக்காரான்னு ஒரு பாட்டு. அதுக்கு அடுத்த வரி என்ன?"

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அங்க குளிக்கிறானா?"

"ம்."

"தொட்டியிலயா?"

"ம்."

"என் தொட்டி வெள்ளையாத்தான் இருக்கு" என்றாள். "தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருக்கேன். வீடுதான் சத்தமில்லாமக் கெடக்கு. நீ அன்னிக்கு எதுக்கு வந்து தேச்சுட்டுப் போனேன்னு இப்பத்தாம்மா புரியுது எனக்கு. அவனக் கூட்டிட்டுப் போய்ட்டே, சரி. உன் புருஷன். அந்த வரியையும் கேக்குறியே, அதையாவது எங்கிட்ட விட்டு வையேன்."

பொறாமை என்றால் என்ன என்று பளிங்குக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்தக் குரலில் இருந்தது அதேதான், தன்னுடையதேதான். போனை வைத்துவிட்டிருக்கலாம். அவள் வைக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, குளியலறைக் கதவைத் திறந்து, போனை உள்ளே நீட்டினாள்.

"அப்ப நீங்களே பாடுங்கண்ணி. காத்துக்கிட்டிருக்காரு."

"யாரு?" என்றான் உள்ளே இருந்தவன்.

போனிலிருந்து முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அப்புறம் நாத்தனாரின் கரகரத்த குரல்.

"ஓட்டப் பானை நெறையக் காத்துடா!"

அவன் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். கறுப்புத் தண்ணீர் தொட்டி விளிம்பைத் தாண்டிக் கொட்டி, தரையெல்லாம் ஓடி, பளிங்கின் காலை நனைத்தது. போனிலும் சிரிப்பு. அக்காவும் தம்பியும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நடுவில் அவள் கையை நீட்டியபடி நின்றாள். வயிறு எரிந்தது, எரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் கையை இறக்கவில்லை. ரெண்டாவது வரி திரும்ப வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, சத்தம் வராமல் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.